போடாத கட்டை

மாப்பிள்ளையை நான் ஓங்கிக் குத்தினேன். அவன் அசையவே இல்லை. நான்தான் பின்னால் போய், லாரி டயரில் முதுகு இடித்துக் கீழே உட்கார்ந்தேன். என் எடை ஐம்பத்திரண்டு கிலோ. அவன் தொண்ணூற்றைந்து. தாடையைத் தடவிக்கொண்டே என்னைக் குனிந்து பார்த்தான்.

"கை வலிக்கா மச்சான்?" என்று கேட்டான்.

திருத்தங்கலில் ஒரு அச்சகத்தின் பின்வாசலில் இது நடந்தது. மதியம் மூன்று மணி இருக்கும். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்த மாதம். நான் மினி லாரி ஓட்டுகிறேன். குடோனிலிருந்து பேப்பர் ரீல்களை ஏற்றி அச்சகங்களில் இறக்குவது என் பிழைப்பு. மாப்பிள்ளை என்பவன் என் தங்கையின் கணவன். அதற்கு முன்பே என் கூட்டாளி. நான் ஓட்டுவேன், அவன் ஏற்றி இறக்குவான். அவனுடைய தோளையும் சிரிப்பையும் பார்த்துத்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்தோம். கட்டிக்கொடுக்கலாம் என்று வீட்டில் முதலில் சொன்னவன் நான்.

அன்று காலை ஏழு மணிக்கு அவனை ஏற்றிக்கொள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கை டீ கொண்டுவந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து முகத்தின் ஒரு பக்கத்தை மூடியிருந்தாள். டம்ளரை நீட்டும்போது தலைப்பு நழுவியது. இடது கண் மூடிக்கிடந்தது. கன்னம் கறுத்து வீங்கியிருந்தது. உதட்டோரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"கதவுல இடிச்சிட்டேண்ணே" என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

மாப்பிள்ளை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். நான் டீயைக் குடித்தேன். டம்ளரைக் கொடுத்தேன். வண்டியை எடுத்தேன். அவள் முகத்தை அப்படிப் பார்ப்பது அது மூன்றாவது முறை. முதல் முறை அவனோடு பேசிப் பார்த்தேன். இரண்டாம் முறை அம்மா போய் அழுதுவிட்டு வந்தாள். மூன்றாம் முறை நான் டீ குடித்தேன். இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

சிவகாசி குடோனில் மூன்று ரீல் ஏற்றினோம். ஒவ்வொன்றும் அறுநூறு கிலோ. மதியம் திருத்தங்கலில் இரண்டை இறக்கினோம். மூன்றாவதையும் இறக்குவதற்காக மாப்பிள்ளை அதைப் பின்பக்கம்வரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். அப்போது அச்சகத்தின் மேனேஜர் வெளியே வந்து, "இது வேண்டாம், நாரணாபுரம் ரோட்டுல இருக்கிற நம்ம இன்னொரு பிரஸ்ஸுக்குக் கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ரீல் லாரியின் பின்பகுதியில், இடது பக்கமாக, படுத்த வாக்கில் நின்றுவிட்டது. அதற்கும் கேபினுக்கும் நடுவே எட்டடி வெறும் தளம்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளைக்கு யாரோ கூட்டாளி போன் செய்தான். அவன் ரீலில் சாய்ந்துகொண்டு சத்தமாகச் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. காலையிலிருந்து விழுங்கி வைத்திருந்ததெல்லாம் கைக்கு வந்துவிட்டது. அவன் கீழே குதித்து இறங்கியதும் குத்தினேன். நான்தான் விழுந்தேன்.

எழுந்து மறுபடியும் போனேன். இந்த முறை அவன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிக் கதவில் சாத்தினான். பின்மண்டை தகரத்தில் இடித்தது.

"எம் பொண்டாட்டி, எம் வீடு. நீ வண்டிய ஓட்டு" என்றான்.

அவன் விட்டதும் இருவரும் வேலையைப் பார்த்தோம். வேறென்ன செய்வது, லோடு போய்ச் சேர வேண்டும். அவன் மேலே ஏறி, ரீல் பின்னால் உருளாதபடி பின்பக்கம் ஒரு மரக்கட்டையை அடித்து இறுக்கினான். முன்பக்கத்துக்கு இன்னொரு கட்டை வேண்டும். அந்தக் கட்டை அவன் காலடியில் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான், போடாமல் இறங்கினான். பின்கதவுக்கு இரண்டு கொக்கி. ஒன்றை அவன் மாட்டினான், ஒன்றை நான் மாட்டினேன். மாட்டும்போது நானும் பார்த்தேன். பின்னால் கட்டை இருந்தது. முன்னால் இல்லை.

நான் சொல்லவில்லை.

நான் கல்லூரியில் இரண்டு வருடம் இயற்பியல் படித்தவன். மூன்றாம் வருடம் அப்பா படுத்த படுக்கையானதும் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். படித்ததில் பெரும்பாலானது மறந்துவிட்டது. நிலைமம் மட்டும் மறக்க வழியில்லை, அது தினமும் என்னோடு வண்டியில் ஏறி வருகிறது. நிற்கிற பொருள் நிற்கவே பார்க்கும், ஓடுகிற பொருள் ஓடவே பார்க்கும், அந்தப் பிடிவாதம் எவ்வளவு என்பதற்கு அளவுதான் நிறை என்று வாத்தியார் சொன்னபோது பரீட்சைக்காக எழுதிக்கொண்டேன். வேலைக்கு வந்த முதல் வருடம் அது உடம்பில் ஏறியது. ஒரு அச்சகத்தில் செயின் பிளாக்கில் ரீல் தொங்கிக்கொண்டிருந்தது. மொத்த எடையையும் சங்கிலி தாங்குகிறதே, தொங்குவதைத் தள்ளுவது லேசு என்று நினைத்தேன். தள்ளினேன், நகர மறுத்தது. பலம்கொண்ட மட்டும் தள்ளினேன், மெதுவாக நகர்ந்தது. சுவருக்குப் பக்கத்தில் போனபோது நிறுத்தலாம் என்று கையை வைத்தேன். அது நிற்கவில்லை. கைக்கும் சுவருக்கும் இடையில் என் மோதிர விரலின் நுனி கூழாகிவிட்டது. சங்கிலி எடையை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். நிறை அப்படியே ரீலுக்குள் இருக்கும்.

இதெல்லாம் தெரிந்தவன்தான் அன்று வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினேன். அவனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அப்போது ஒரு வைராக்கியம். நாலு கிலோமீட்டர்தானே என்றும் நினைத்தேன். மெதுவாகப் போய்விடலாம் என்று நினைத்தது உண்மை. மெதுவாகப் போகவில்லை என்பதும் உண்மை. கோபத்தில் கால் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தது.

நாரணாபுரம் ரோட்டில் பட்டாசுக் கம்பெனிகள் விடுகிற நேரம். தூக்குவாளியும் கையுமாக ஆட்கள் சாலையின் இரண்டு பக்கமும் நடந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை இடது பக்க சீட்டில், கண்ணாடியைத் திறந்துவிட்டு, முகத்தை வெளியே வைத்திருந்தான். சாலை ஒரு சின்னப் பாலத்தை நோக்கிச் சரியும் இடத்தில், மண்பாதையிலிருந்து ஒரு பைக் நேராகச் சாலையின் நடுவுக்கு வந்துவிட்டது. ஓட்டியவன் பின்னால் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டு வந்தான். பின்னால் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது எனக்குத் தெரிந்தது.

பிரேக்கை மிதித்தேன்.

மிதிக்கும் முன் ரீல் ஞாபகம் வந்ததா என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். வந்தது. கால் பிரேக்கில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வந்தது. காலை எடுத்திருந்தால் அந்தப் பெண் டயருக்குக் கீழே போயிருப்பாள். நான் எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினேன்.

லாரி நின்றது. லாரியில் இருந்தவை நிற்கவில்லை. மாப்பிள்ளையின் உடம்பு சீட்டை விட்டுப் போய் டேஷ்போர்டில் மோதியது. என் நெஞ்சு ஸ்டியரிங்கில் மோதி மூச்சு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தளம் அதிர ஏதோ உருண்டு வருகிற சத்தம். எட்டடி. ஒரு நொடிகூட இல்லை. கேபினின் பின்தகடு இடது பக்கத்தில் அப்பளம் மாதிரி மடங்கி உள்ளே வந்தது. சீட்டு அப்படியே முன்னால் போனது. மாப்பிள்ளை கத்தவில்லை. அவன் கால்கள்தான் சத்தம் போட்டன. விறகு ஒடிகிற சத்தம், இரண்டு தடவை.

பைக் கீழே கிடந்தது, ஓட்டியவன் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தான். அந்தப் பெண் சாலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் பம்பருக்கும் ஒரு சாண் இடைவெளி. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

என் பக்கத்துக் கதவு திறந்தது. "இறக்குலே அவன!" என்று ஒரு குரல். யாரோ காலரைப் பிடித்து இழுத்தார்கள். சாலையில் விழுந்தேன். முதலில் அடித்தவர் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு மனிதர். பட்டாசு மருந்து கலக்கும் அறையில் வேலை செய்கிறவர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. கழுவியும் போகாத அலுமினியத் தூள் விரல் இடுக்கெல்லாம் மின்னியது. அந்தக் கை என் முகத்தில் மாறி மாறி இறங்கியது.

"கண்ணு அவிஞ்சா போச்சு? பொம்பள வர்றது தெரியல?"

பிறகு எத்தனை பேர் என்று தெரியாது. வயிற்றில் உதைத்தார்கள். முடியைப் பிடித்துத் தரையில் முகத்தைத் தேய்த்தார்கள். தூக்குவாளியால் ஒரு பெண் முதுகில் அடித்தாள், ஒவ்வொரு அடிக்கும் உள்ளே மிச்சச் சோறு குலுங்கியது. நான், "உள்ள ஆளு, உள்ள ஆளு" என்று சொல்லப் பார்த்தேன். வாய் முழுக்க ரத்தமாக இருந்ததால் சொல் வரவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை கத்தினான். மனிதன் கத்துவது மாதிரி இல்லை அது. அடித்தவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஏலே, உள்ள ஒரு ஆளு மாட்டியிருக்கான்லே!"

ஒரு நொடியில் கூட்டம் மாறிவிட்டது. என்னை உதைத்த கால்களே லாரிமேல் ஏறின. பத்துப் பதினைந்து பேர் தளத்தில் நின்று ரீலில் கயிறு போட்டு இழுத்தார்கள். கயிறு பேப்பரில் வழுக்கியது. சாலையின் சரிவு வேறு அதை முன்பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது. மடங்கிய தகடு அதைக் கவ்விக்கொண்டிருந்தது. ரீலுக்கும் கேபினுக்கும் நடுவே நின்று தள்ள இடமே இல்லை. கடப்பாரை போட்டு நெம்பினால், ரீல் ஒரு விரல்கடை போய்விட்டுத் திரும்பி வந்து மோதியது. ஒவ்வொரு மோதலுக்கும் மாப்பிள்ளை அலறினான். யாரோ பக்கத்து ஒர்க் ஷாப்பில் தகடு அறுக்கும் மெஷின் இருக்கிறது என்று ஓடப் பார்த்தார்கள்.

"தீப்பொறி வேண்டாம்யா!" என்று மருந்து அறைக்காரர் கத்தினார். "டீசல் ஒழுகுது. நம்ம துணி பூராம் மருந்து. அம்புட்டுப் பேரும் எரிஞ்சிருவோம்."

எல்லோரும் திகைத்து நின்றார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே இருந்து ரத்தம் படிக்கட்டில் இறங்கிச் சாலையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆம்புலன்சுக்கு போன் போட்டாகிவிட்டது. அது வந்தாலும் அவனை வெளியே எடுத்தால்தானே.

நான் எழுந்து உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் என் தலை விசித்திரமாகத் தெளிவாக இருந்தது. இவர்கள் ரீலை நகர்த்தப் பார்க்கிறார்கள். நகர மாட்டேன் என்று அது இருக்கிறது. அது நகர வேண்டாம். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். லாரியை அதற்குக் கீழேயிருந்து உருவிவிட வேண்டும்.

கதவைப் பிடித்து ஏறினேன். மருந்து அறைக்காரர் என் காலைப் பிடித்து இழுத்தார்.

"எங்க ஓடப் பாக்க?"

"ஓடல. வண்டிய முன்னால வெடுக்குன்னு எடுப்பேன். ரீலு நின்ன இடத்துல நிக்கும், வண்டி மட்டும் முன்னால போவும். ரீலு விலகும். பின்னால ஒரு கட்ட இறுகியிருக்கு, அதுல போய் முட்டும். அது முட்டுன உடனே முன்னால ஒரு கட்டயப் போடணும். கட்ட மேலதான் கெடக்கு. போடுறதுக்கு ஒரு ஆளு வேணும்."

"போடலன்னா?"

"நான் நிறுத்தும்போது மறுபடி வரும். அவன் செத்துருவான்."

அவர் என் முகத்தையே பார்த்தார். அவர் அடித்த அடியில் வீங்கிய முகம். பிறகு காலை விட்டார். லாரியில் நின்றவர்களை எல்லாம் இறங்கச் சொன்னார். முன்னால் கிடந்த பைக்கை ஓரத்துக்கு இழுக்கவைத்து, முன்னும் பின்னும் நின்றவர்களை விரட்டினார். தாமே மேலே ஏறி, கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, தளத்தின் ஓரத்துச் சட்டத்தைப் பிடித்து நின்றார்.

நான் சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் முகம் எனக்கு ஒரு முழம் பக்கத்தில் இருந்தது. சாம்பல் நிறமாகிவிட்டது.

"என்ன செய்யப் போற மச்சான்?"

"உன்ன வெளிய எடுக்கப் போறேன். பல்லக் கடிச்சுக்கோ."

முதல் கியரில் போட்டு, என்ஜினை உறுமவிட்டு, கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். லாரி குதித்தது. மாப்பிள்ளை அலறிய அலறலில் என் காது அடைத்துப்போனது. அதே நேரத்தில் தகடு கிறீச்சிட்டு ரீலை விட்டது. தளம் அதிர்ந்தது. பின்னால் 'டொம்' என்று ஒரு சத்தம், கட்டையில் முட்டிய சத்தம். பாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரேக்கில் கால் வைக்க முடியாது. எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்று, இரண்டு. மூன்று என்பதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"போட்டாச்சு! போட்டாச்சுய்யா!"

பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குப் பத்தடி முன்னால் வண்டியை நிறுத்தினேன். ரீல் அசையவில்லை. ஓடிவந்தவர்கள் கடப்பாரையால் தகட்டை நெம்பி மாப்பிள்ளையை வெளியே எடுத்தார்கள். பைக்கில் வந்த பெண் தன் சேலையைக் கிழித்து அவன் தொடையில் இறுக்கிக் கட்டினாள். மருந்து அறைக்காரர் கீழே இறங்கி வாந்தி எடுத்தார்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இடது காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள். வலது காலில் கம்பி வைத்தார்கள். எனக்கு விலா எலும்பு இரண்டில் கீறல், முன்பல் ஒன்று போயிற்று. ஊரில் பேச்சு வேறு மாதிரி கிளம்பியது. மதியம் அச்சக வாசலில் இருவரும் கட்டிப் புரண்டதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். தங்கையை அடித்ததற்காக அண்ணன் திட்டம் போட்டுப் பிரேக் அடித்தான் என்றார்கள். போலீசும் அதையேதான் கேட்டது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் கொடுத்தான். கட்டை போடாதது தன் தப்பு, என்மேல் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டான். வழக்கு நடந்தது, ஆறு மாதம் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள், முடிந்தது.

அவன் அப்படிச் சொன்னதில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாக்குமூலம் கொடுத்த அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தங்கை கட்டிலின் அந்தப் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் மஞ்சளாக ஒரு தடம் மட்டும் மிச்சம் இருந்தது.

"மாப்ள, கட்ட இல்லாதத நான் பார்த்தேன். கொக்கி மாட்டும்போது பார்த்தேன். சொல்லல" என்றேன்.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தெரியும். நீ பார்த்தத நானும் பார்த்தேன். 'போடு மாப்ள'ன்னு நீ ஒரு வார்த்த சொல்லட்டும்னு நின்னேன். நீ சொல்லல. நானா எறங்கி வரக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

அதன்பிறகு இருவரும் அதையே திருப்பித் திருப்பிப் பேசினோம். யார் முதலில் சொல்லியிருக்க வேண்டும், யார் போட்டிருக்க வேண்டும். நான் அழுதேன். அவனும் அழுதான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். தங்கை ஆரஞ்சுச் சுளைகளைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"ரெண்டு பேரும் எம்புட்டு நேரமா அந்தக் கட்டயப் பத்தியே பேசுறீக" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "யாரு போடல, யாரு பார்த்தாகன்னு. அன்னைக்குக் காலைல எம் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு பேருல ஒருத்தரும் பேசல. இவரு பேச மாட்டாரு. நீ என்னண்ணே? நான் குடுத்த டீயக் குடிச்சிட்டு இவரோடதான வண்டில ஏறிப் போன?"

அவள் தட்டை அவன் நெஞ்சருகே வைத்துவிட்டு, வெளியே உட்கார்ந்திருந்த மாமியாரிடம் சொல்லிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். விருதுநகரில் அம்மாவும் நானும் இருக்கும் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. பட்டாசுப் பெட்டி ஒட்டும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை கம்பெனி வேனில் போவாள், மாலை பசை காய்ந்த விரல்களோடு வருவாள்.

ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை கட்டைக்காலும் இல்லாமல் ஒற்றை ஊன்றுகோலோடு பஸ் ஏறி வந்தான். நான் வீட்டில்தான் இருந்தேன். அவன் வாசலில் நின்று, "கெளம்பு, வீட்டுக்குப் போவோம்" என்றான்.

"நான் வரல" என்றாள் தங்கை.

"ஒத்தக் காலோட வந்து நிக்கேன்."

"பார்த்தேன். நான் வரல."

அவன் முகம் நான் அறிந்த முகமாக மாறியது. ஊன்றுகோலைத் தூக்கி அவளை நோக்கி வீசி அடித்தான். அவள் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தாள், அவ்வளவுதான். கோல் காற்றில் சுற்றியது. அத்தனை பெரிய உடம்பை அது தன்னோடு இழுத்துக்கொண்டு போனது. நிறுத்த இன்னொரு கால் இல்லை. அவன் சிமென்ட் தரையில் முகம் குப்புற விழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

நான் அவனைத் தூக்க எழுந்தேன். தங்கை என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றேன். அவள் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவனுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு ஈரத்துணியை அதன்மேல் போட்டாள். திரும்ப உள்ளே போய்விட்டாள்.

அவன் நாற்காலியைப் பிடித்து ஏறி உட்கார வெகுநேரம் ஆனது. முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் அவனை பைக்கில் ஏற்றி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். பஸ் ஏறும்போது, "இனிமே வர மாட்டேன்னு அவகிட்ட சொல்லு மச்சான்" என்றான். வரவும் இல்லை.

திரும்பி வந்தபோது தங்கை அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"ரசம் சூடா இருக்கு" என்றாள். "ஒக்காருண்ணே."